எட்டு வாரக் கோடைப் பயிற்சி: சென்னைக் கடற்கரையின் ஒரு டிரையத்லான் கிளப்பில் மகளும் நானும்

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இயங்கும் ஒரு டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி) கிளப் நடத்திய எட்டு வாரக் கோடைப் பயிற்சியில், 15 வயது மகளும் 43 வயதான நானும் இந்த ஆண்டு சேர்ந்தோம். ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கிய பயிற்சி, ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்த சிறு போட்டியோடு நிறைவடைந்தது. பதின்வயதினருக்கும், இதற்கு முன் இந்த விளையாட்டின் பக்கமே வராத பெரியவர்களுக்கும் மட்டுமே உரிய பயிற்சிப் பருவம் இது. ஏற்கெனவே போட்டிகளுக்குப் போய்வருபவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. வரும் ஆண்டு பிள்ளைகளைச் சேர்க்கலாமா, தாங்களும் சேரலாமா என்று என்னிடம் கேட்ட பலருக்கும் விரிவாகப் பதில் சொல்லும் எண்ணத்தில் இதை எழுதுகிறேன். குறைகளையும் ஒளிக்காமல் சொல்லப் போவதால் கிளப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நீச்சலைக் கற்றுத்தந்த முறைக்காக மட்டுமே இந்தக் கட்டணத்தை நான் மறுபடியும் கொடுப்பேன். ஆனால் சைக்கிள் பகுதியைத் திருத்தாமல் இன்னொரு பருவத்தைத் தொடங்கினால் அது பெரும் தவறாகும்.

டிரையத்லான் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது அதன் நீண்ட தூர வடிவமான அயர்ன்மேன் போட்டிதான். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்ற கணக்கைக் கேட்டவுடன், இது நம்மால் ஆகிற காரியமில்லை என்று ஒதுங்கிவிடுகிறோம். முதல் நாள் அறிமுக வகுப்பில் தலைமைப் பயிற்சியாளர் இந்த அச்சத்தைத்தான் முதலில் எடுத்துப் பேசினார். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற கடற்கழியின் கரையில், ஓட்டக்காரர்கள் சிலர் தங்கள் வழக்கமான பயிற்சிக்கு ஒரு மாற்றாக நடத்திய முதல் போட்டியில் 46 பேர்தான் கலந்துகொண்டார்கள் என்றும், அதில் பங்கேற்ற ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதியர்தான் 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் அயர்ன்மேனைத் தொடங்கினார்கள் என்றும், அந்த முதல் அயர்ன்மேனில்கூடப் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர் என்றும் அவர் சொன்னபோது, அறையிலிருந்த பெரியவர்களின் முகத்தில் இறுக்கம் தளர்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது இந்த விளையாட்டுக்கு வகுத்த தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் பருவத்தின் இலக்கு 300 மீட்டர், 10 கிலோமீட்டர், 2.5 கிலோமீட்டர் என்பதால், ஒலிம்பிக் தூரத்தில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான் எங்களிடம் கேட்டார்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு ரூ. 9,500, பதின்வயதினருக்கு ரூ. 7,000. செவ்வாய், வியாழன் மாலைகளில் குளத்தில் நீச்சல், சனிக்கிழமை காலை ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் அல்லது கடல் என்று வாரத்துக்கு நான்கு வகுப்புகள். சொந்தமாகச் சைக்கிள் இல்லாதவர்கள் ஒரு வகுப்புக்கு ரூ. 250 வாடகை கொடுத்தோம். இறுதிநாள் போட்டிக்குத் தனியே ரூ. 600 வாங்கப்படும் என்பதை ஆறாம் வாரத்தில்தான் தெரிவித்தார்கள். தொகை பெரிதில்லை என்றாலும், ஒரே வீட்டிலிருந்து இரண்டு மூன்று பேரைச் சேர்த்திருந்த குடும்பங்களுக்கு அது சுமைதான்; பதிவுப் படிவத்திலேயே அதை எழுதியிருக்க வேண்டும்.

பணத்தை வாங்குவதற்கு முன்பே மருத்துவச் சான்று கேட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். 40 வயதைக் கடந்தவர்கள் ஈசிஜி எடுத்து, மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். தினமும் நடைப்பயிற்சி செய்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வருத்தப்பட்ட ஒருவரிடம் பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் திரட்டி மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, மொத்தம் 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போதே நேர்ந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அவர்களின் சராசரி வயது 47-ஐ ஒட்டியிருந்தது. அதைக் கேட்டவர் மறு வகுப்புக்கு ஈசிஜியோடு வந்தார்.

நீலாங்கரைப் பக்கமுள்ள ஒரு தனியார் பள்ளியின் 25 மீட்டர் குளத்தில் நீச்சல் வகுப்புகள் நடந்தன. பதின்வயதினர் 11 பேர், பெரியவர்கள் 15 பேர் என்று 26 பேர் இருந்தோம். அவர்களில் 7 பேருக்கு நீச்சல் அறவே தெரியாது. அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி. எங்கள் ஊரில் அண்ணன்மார்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தப் பழகினார்கள். பெண்பிள்ளைகளான எங்களை யாரும் கிணற்றில் இறக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அவர்களின் துண்டுகளைக் காவல் காப்பதே எங்கள் வேலையாக இருந்தது. நாற்பதைக் கடந்து முதன்முறையாகத் தண்ணீருக்குள் முகத்தை வைக்கச் சொன்னபோது எனக்கு உண்டான அச்சத்தை, அந்தப் பயிற்சியாளர்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கிளப்பைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுதான்.

முதல் மூன்று வகுப்புகளில் கை வீசக்கூடச் சொல்லித்தரவில்லை. குளத்தின் ஆழம் குறைந்த பகுதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து, மூக்கு வழியாகக் குமிழியாக மூச்சை விடுவதும், வாயால் இழுப்பதும் மட்டும்தான். புதிதாக நீந்துபவர்களில் பலர் தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். வெளியே வந்த ஒரு நொடியில் விடுவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்ய முயல்கிறார்கள். உள்ளே தேங்கிய கார்பன் டை ஆக்சைடு மூச்சுமுட்டும் உணர்வைக் கிளப்பிவிடுகிறது, பீதி அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று அவர்கள் விளக்கியது, எத்தனையோ ஆண்டுகளாக என் உடலிலேயே இருந்த அச்சத்துக்கு ஒரு காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. அடுத்ததாக, குப்புற மிதந்த நிலையிலிருந்து முழங்காலை மடக்கி எழுந்து நிற்கும் பயிற்சியைத் தந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து நின்றுகொள்ளலாம் என்ற உறுதி வந்த பிறகுதான் என்னால் மிதக்கவே முடிந்தது. தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழும் என்பதால், "நெஞ்சை அழுத்துங்க அக்கா, கால் தானா மேல வரும்" என்று ஓர் இளம் பயிற்சியாளர் ஒவ்வொரு வகுப்பிலும் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஐந்தாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, கால் உண்மையாகவே தானாக மேலே வந்தது.

நீந்தத் தெரிந்தவர்களையும் அவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. மகள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறிய குளத்தில் ஆறு வயதிலேயே பழகியவள். வேகமாக நீந்துவாள், ஆனால் 50 மீட்டரில் மூச்சு வாங்கும். அவளை வேகத்தைக் குறைக்கச் சொல்லி, இருபுறமும் மாறி மாறி மூச்சிழுக்கப் பழக்கினார்கள். கடலில் அலை ஒரு பக்கத்திலிருந்தே முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் மூச்சிழுக்கத் தெரியாதவர் தவித்துப்போவார் என்பதே காரணம். மூன்றாம் வாரத்திலிருந்து, பத்துப் பன்னிரண்டு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து எதிரிலுள்ள கம்பத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் முகத்தை இறக்கும் பயிற்சியும் சேர்ந்தது. குளத்தின் அடியில் வரைந்திருக்கும் கறுப்புக் கோடு கடலில் இருக்காது அல்லவா?

ஐந்தாம் வாரம் தொடங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோவளத்தில் கடல் வகுப்பு நடந்தது. அந்தக் கடற்கரை 2021-இல், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றது. மெரினாவோடு ஒப்பிட்டால் அங்கே அலை ஓரளவு அடங்கியிருக்கும், ஆனாலும் அதுவும் வங்கக் கடல்தான் என்பதைப் பயிற்சியாளர்கள் ஒரு கணமும் மறக்கவிடவில்லை. விடியற்காலை 5.15 மணிக்கு மணலில் உட்கார வைத்து, அரை மணி நேரம் கடலை வெறுமனே பார்க்கச் சொன்னார்கள். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த ஒரு மீனவப் பெரியவர் எங்களோடு உட்கார்ந்து, எங்கே அலை உடைகிறது, எங்கே உடையவில்லை என்று காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து அலை உடையும்போது, நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தெரிந்தால், கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. பார்ப்பவருக்கு அதுவே இறங்கத் தோதான இடமாகத் தோன்றும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் நீந்தி அந்த இழுப்பிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீரோட்டத்தை அவர் வெள்ளம் என்றே சொன்னார். கோடையில் அது பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக ஓடும் என்பதால், நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு நீந்துபவர் சிறிது நேரத்தில் வடக்கே ஒதுங்கியிருப்பார். இந்த அரை மணி நேரப் பாடத்தைச் சென்னையில் கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில் கடலில் மூழ்கி இறந்த மாணவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

பாதுகாப்பு ஏற்பாடுகளிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான்கு நீச்சல்காரர்களுக்கு ஓர் உயிர்காப்பாளர், அலைக்கு அப்பால் நிற்கும் ஒரு ஃபைபர் படகு, ஒவ்வொருவரின் இடுப்பிலும் கயிற்றால் கட்டிய ஆரஞ்சு நிற மிதவை, எண் எழுதிய தொப்பி, இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுதல் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் நடமாட்டம் இல்லை. கரையருகே போட்டிருந்த சிறு வலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் பெரியவரே படகிலிருந்து காட்டிக்கொடுத்தார். குளத்தில் நிற்காமல் 400 மீட்டர் நீந்திக் காட்டியவர்கள் மட்டுமே அலைக்கு அப்பால் போகலாம் என்பது விதி. மற்றவர்கள் இடுப்பளவு நீரில் நின்று, வரும் அலைக்கு முதுகைக் காட்டாமல் அதன் அடியில் குனிந்து நுழைவதையும், கரையேறும்போது பின்னால் திரும்பிப் பார்த்து அலையை வாங்கிக்கொள்வதையும் பழகினோம். பருவத்தின் முடிவில் என்னால் நிற்காமல் நீந்த முடிந்தது 150 மீட்டர்தான். அதனால் நான் அலையைத் தாண்டவில்லை. அதற்காக என்னிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவுமில்லை, விதியைத் தளர்த்தவுமில்லை. இரண்டுக்கும் நான் நன்றியுடையவள்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி மெல்ல மெல்ல நடையைக் குறைத்தார்கள். பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையில் நடந்த அந்த வகுப்புகள் எந்த ஓட்டக் குழுவிலும் கிடைக்கக்கூடியவைதான். ஆனால் மே 4 அன்று கத்திரி தொடங்கியதும் வகுப்பைக் காலை 5 மணிக்கு மாற்றி, எதுவானாலும் 6.45-க்குள் முடித்துவிட வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார்கள். சென்னைக் கடற்கரையில் வெயிலைக் காட்டிலும் காற்றின் ஈரப்பதம்தான் முதல் எதிரி. வியர்வை வழியுமே தவிர உலராது, உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். உப்பில்லாத வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரக்கூடும் என்பதையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார்கள். வகுப்பு முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் வரும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்போது சைக்கிள் பகுதிக்கு வருகிறேன். நீச்சலுக்கு இவ்வளவு சிந்தித்தவர்கள், சாலையில் இறங்கும்போது அதில் பாதியளவுகூடச் சிந்திக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை. கோவளம் பிரிவிலிருந்து தெற்கே திருவிடந்தை, நெம்மேலி வழியாகப் போய்த் திரும்பும் வழி அது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தவுடனே மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் போகும் கார்கள் அந்தச் சாலையில் எவ்வளவு வேகமாக வரும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். முன்னால் ஒரு பயிற்சியாளர், கடைசியில் ஒரு பயிற்சியாளர், நடுவே 22 பேர். முதல் பத்து நிமிடத்திலேயே பதின்வயதினர் முன்னே பறந்துவிட, பெரியவர்கள் பின்தங்கிவிட, நடுவில் இருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் சிதறிப்போனார்கள். கடலில் நான்கு பேருக்கு ஒருவரை நிறுத்திய அதே கிளப், லாரி ஓடும் சாலையில் பதினொரு பேருக்கு ஒருவர் போதும் என்று எப்படி முடிவெடுத்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாடகைச் சைக்கிள்கள் எல்லாம் ஒரே அளவு. மகளின் உயரம் 152 சென்டிமீட்டர். அவளுக்குக் கிடைத்தது அவளைவிட ஓரடி உயரமானவர் ஓட்ட வேண்டிய சைக்கிள். இருக்கையை முழுவதும் இறக்கியும் கால் எட்டியெட்டி மிதித்தாள்; மூன்றாவது வகுப்புக்குப் பிறகு முழங்காலுக்குப் பின்புறம் வலிக்கிறது என்றாள். அடையாறில் உள்ள ஒரு சைக்கிள் கடைக்காரர்தான், மிதிகட்டை மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்க வேண்டும் என்ற எளிய கணக்கைச் சொல்லிக்கொடுத்து, அவளுக்குப் பொருந்தும் பழைய சைக்கிள் ஒன்றை மீதிப் பருவத்துக்கு வாடகைக்குத் தந்தார். பத்தே நிமிடத்தில் முடிந்த அந்த வேலையைக் கிளப் முதல் நாளே செய்திருக்கலாம்.

நான்காவது வாரம் நேர்ந்த விபத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெரியவர்களில் ஒருவர் திரும்பும் இடத்தில் முன் பிரேக்கை அழுத்தியபோது, கம்பி தளர்ந்திருந்ததால் பிரேக் பிடிக்கவில்லை. மணலில் சறுக்கி விழுந்து முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு. ஹெல்மெட் அணிந்திருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலுதவிப் பெட்டியோ கோவளத்தில் நிறுத்தியிருந்த வேனில் இருந்தது. அது வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. கிளம்புவதற்கு முன் சக்கரத்தில் காற்று, இரண்டு பிரேக், செயின், சக்கர அச்சின் பூட்டு ஆகியவற்றை ஒவ்வொருவரும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு பழக்கத்தை உண்டாக்கியிருந்தால் அது தவிர்ந்திருக்கும். பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் கற்றுக்கொடுத்தது ஏழாம் வாரத்தில்தான். அதை முதல் வாரத்திலேயே கற்றிருந்தால், சைக்கிளைத் தம் பொறுப்பிலுள்ள பொருளாக எல்லோரும் பார்த்திருப்பார்கள். விபத்துக்குப் பிறகு முதலுதவிப் பெட்டி கடைசியாக வரும் பயிற்சியாளரின் முதுகுப்பைக்கு மாறியது. ஆனால் ஆள் எண்ணிக்கை மட்டும் கடைசி வரை கூடவே இல்லை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தை டிரான்சிஷன் என்கிறார்கள். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் அந்தப் பயிற்சியைப் பள்ளி மைதானத்தில் கயிறு கட்டி நடத்தினார்கள். பதின்வயதினர் அதில் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட் வாரைப் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப வைத்த பிறகே அவிழ்க்க வேண்டும் என்ற போட்டி விதியைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நினைவூட்டிக்கொண்டார்கள். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடினால் முதல் சில நூறு மீட்டருக்குக் கால்கள் நமக்குச் சொந்தமில்லாதவைபோல் இருக்கும். குறுநடையாக ஓடத் தொடங்கினால் அது சரியாகிவிடும் என்று சொன்னதும் அப்படியே நடந்தது.

பதின்வயதினரையும் பெரியவர்களையும் ஒன்றாகச் சேர்த்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். தன் வயதுப் பிள்ளைகளோடு மட்டும் இருந்திருந்தால் மகள் ஓயாமல் நேரத்தையே ஒப்பிட்டுக்கொண்டிருப்பாள். பயிற்சி வகுப்புகளில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்க வேண்டும், யாருடைய நேரத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்று விதி இருந்தது. கரையிலிருந்து கத்திய ஒரு தந்தையை, பிள்ளைகள் காதில் விழாதபடி தனியே அழைத்துப் போய், வாசலுக்கு வெளியே காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டதையும் பார்த்தேன்.

ஆனால் பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்து யோசிக்கும்போது இன்னும் நிறையச் செய்ய வேண்டியிருக்கிறது. முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடையைத் தடையின்றி அனுமதித்தார்கள். அது இல்லாவிட்டால் எங்களில் சிலர் சேர்ந்தே இருக்க மாட்டோம். எனினும் பெண் பயிற்சியாளர் ஒருவர்தான், அவரும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே வந்தார். மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் என்ன சொல்வது என்று தெரியாமல் தலைவலி, காய்ச்சல் என்று ஏதாவது காரணம் சொன்னார்கள், அல்லது வராமலே இருந்துவிட்டார்கள். காரணம் கேட்காமலே யார் வேண்டுமானாலும் அன்றைக்குக் குளத்தில் இறங்காமல் தரைப்பயிற்சி செய்யலாம் என்று ஒரு வரி அறிவித்திருந்தாலே போதும். கோவளத்தில் உடை மாற்றத் தார்ப்பாய் கட்டிய ஒரு மறைப்பு மட்டும்தான் இருந்தது. காற்றில் அது பறக்காமல் அம்மாக்கள் நான்கு பேர் நான்கு மூலையையும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இறுதிநாள் போட்டியன்று நடந்ததுதான் இந்தக் கிளப்பின் மீது என் மதிப்பை உறுதிப்படுத்தியது. விடியற்காலை 4.45-க்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே தெற்குக் காற்று வலுத்திருந்தது; அலை உடையும் இடம் வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே தள்ளிப் போயிருந்தது. படகுக்காரப் பெரியவர் இருட்டில் நீரோரமாகப் போய் நின்று, நுரை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று வெகுநேரம் பார்த்துவிட்டு வந்து, "வெள்ளம் இழுக்குது தம்பி, இன்னிக்கு வேணாம்" என்றார். தலைமைப் பயிற்சியாளர் மறுபேச்சுப் பேசவில்லை. நீச்சல் நீக்கப்பட்டது, எல்லோருக்கும் ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று அடுத்த ஐந்து நிமிடத்தில் அறிவித்தார். எட்டு வாரமாக இந்த நாளுக்காகவே உழைத்த பிள்ளைகள் சிலர் அழுதார்கள். பெற்றோரில் சிலர் பணம் கட்டியதைப் பற்றியும், வெளியூரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருப்பதைப் பற்றியும் உரத்த குரலில் பேசினார்கள். உலகப் போட்டிகளிலும் கடல் சரியில்லையென்றால் நீச்சலை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் நடத்துவது வழக்கம்தான் என்று அவர் ஒருமுறை மட்டும் சொன்னார், பிறகு புறப்படும் கோட்டை வரையப் போய்விட்டார்.

இதில் எனக்கொரு தனி நிறைவும் இருந்தது. 400 மீட்டர் தேறாத எங்கள் ஏழு பேருக்கு முதலிலிருந்தே ஓட்டம், சைக்கிள், ஓட்டம்தான் என்று வைத்திருந்தார்கள். அதே கோடு, அதே எண், அதே பதக்கம். அன்று எல்லோரும் எங்கள் வரிசைக்கே வந்துவிட்டதால் மகளும் நானும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டோம். சைக்கிளில் நான் பாதி வழியில் இருக்கும்போது அவள் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கக் கூடாது என்ற விதி நினைவிருந்ததால், கையசைக்காமல் "அம்மா" என்று மட்டும் கூப்பிட்டுவிட்டுப் போனாள். கடைசியாக முடித்தவர் 58 வயதான ஒரு பெண்மணி. அவர் வரும்வரை நேரக் கடிகாரத்தையும் நிறுத்தவில்லை, பந்தலையும் பிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடல் அடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், 400 மீட்டர் தேறியிருந்த 19 பேரையும் கட்டணமின்றி மறுபடியும் கோவளத்துக்கு அழைத்தார்கள். படகு, உயிர்காப்பாளர்கள், தலை எண்ணுதல் எல்லாம் முன்போலவே இருந்தன. மகள் 300 மீட்டரையும் முடித்து, அலையைத் திரும்பிப் பார்த்து வாங்கிக்கொண்டு, நடந்தே கரையேறினாள்.

சேர விரும்புவோருக்கு நான் சொல்வது இதுதான்: நீச்சல் தெரியாது என்பதற்காகத் தயங்க வேண்டாம், இந்தக் கிளப் அதற்கென்றே அமைந்தது போன்றது. முடிந்தால் உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் சைக்கிளை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாலையில் எத்தனை பேருக்கு எத்தனை பயிற்சியாளர் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இந்தக் குறைகள் எல்லாவற்றையும் நான் கிளப்புக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். மூன்று அளவுகளில் சைக்கிள் வாங்குவதாகவும், போட்டிக் கட்டணத்தைப் படிவத்திலேயே சேர்ப்பதாகவும் பதில் வந்திருக்கிறது. சாலைக் கண்காணிப்பைப் பற்றியும், இன்னொரு பெண் பயிற்சியாளரைப் பற்றியும் பதிலில் ஒரு வரியும் இல்லை என்பதால் மறுபடியும் எழுதியிருக்கிறேன். மகள் அடுத்த பருவத்துக்கான படிவத்தை இப்போதே நிரப்பி என் மேசைமேல் வைத்திருக்கிறாள். பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தை அந்தப் பதில் வரும்வரை காலியாகவே வைத்திருக்கிறேன்.